சுவரை நக்கக் கூடாது

ராயபுரத்துச் சின்ன ஜெயிலின் வாசலில் இப்போது மூன்று பலகைகள் இருக்கின்றன. முதல் பலகையில் கட்டடம் எழுந்த வருடம் இருக்கிறது. இரண்டாவதில் திறப்பு நேரம். மூன்றாவதில், 'சுவரை நக்கக் கூடாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதியிருக்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் பலகைக்குக் காரணமான மனிதர் ஊருக்கு வெளியே உள்ள பெரிய ஜெயிலில் இருக்கிறார். அவர் கொடுத்த ஒன்பது மனுக்களையும் எழுதியவன் நான்.

என் பெயர் வெள்ளத்துரை. பிறந்தது திசையன்விளைப் பக்கம். ராயபுரத்தில் ஜெராக்ஸ் கடை போட்டு முப்பத்தொரு வருடம் ஆகிறது. ஜெராக்ஸ் எடுப்பேன், மனு எழுதுவேன். இந்த ஊருக்கே நான் அண்ணாச்சி. அரசாங்கம் மனுக்களைப் படிப்பதில்லை என்று பலரும் குறைப்படுகிறார்கள். அது பொய். படிக்கிறார்கள். படித்த பிறகுதான் கெடுதல் ஆரம்பிக்கிறது.

சின்ன ஜெயில் வெள்ளைக்காரன் கட்டியது. நடுவில் ஒரு காவல் கோபுரம். அதைச் சுற்றி ஆறு பிரிவுகள், சக்கரத்து ஆரக்கால் போல. கோபுரத்தில் நிற்கிற ஒரே வார்டர் கழுத்தைத் திருப்பினால் ஆறு வராந்தாவும் தெரியும். ஆறு பேர் சம்பளத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற ஒரே யோசனையில் எழுந்த கட்டடம் அது. ஆனால் வேலை சுத்தம். செங்கல், சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். பதினெட்டு வருடத்துக்கு முன் கைதிகளை வேனில் ஏற்றிப் புது ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு புறாக்கள் குடியேறின, கோபுரத்தில் அரசமரம் முளைத்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்காம் பிரிவின் மேற்குச் சுவர் மட்டும் வேறு கதை. எண்பத்தொன்பதாம் வருடத்து மழையில் அது விழுந்துவிட்டது. இருபத்தைந்து அடி நீளம், பதினான்கு அடி உயரம். மந்திரி பார்வையிட வருகிறார் என்று பதினோரு நாளில் எழுப்பச் சொன்னார்கள். ஆற்று மணல் வரவில்லை. இன்ஜினியர் யோசிக்கவே இல்லை. காசிமேட்டுக் கரையிலிருந்து மீன்பாடி வண்டியில் கடல் மணலை அள்ளி வரச் சொன்னார். கழுவ நேரமில்லை, சலிக்கவும் நேரமில்லை. அந்த வேலையில் இருந்த நான்கு கொத்தனார்களில் ஒருவர் அருள்பிரகாசம். அன்றைக்கு அவருக்கு வயது இருபத்துநான்கு.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மணல் வந்து இறங்கினால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். அன்றைக்கும் வைத்தார். துப்பினார்.

"சார், உப்பு கரிக்குது சார். செவுரு நிக்காது" என்று இன்ஜினியரிடம் சொன்னார்.

"உள்ளே இருக்கிறவன் கைதி. வெளியே இருக்கிறது காலி மனை. விழுந்தா யாருக்கு என்னய்யா நஷ்டம்? பூசு" என்றார் இன்ஜினியர்.

அருள்பிரகாசம் பூசினார். ஆனால் மனசு கேட்கவில்லை. கழுத்தில் கிடந்த அந்தோணியார் மெடலைக் கழற்றி, நெஞ்சு உயரத்தில் ஒரு செங்கல்லுக்குப் பின்னால் வைத்துச் சாந்து போட்டு மூடினார். தன் வேலையில் நம்பிக்கை இல்லாத இடத்தில் அந்தக் காலத்துக் கொத்தனார்கள் செய்கிற காரியம் அது. மேற்கொண்டு அந்தோணியார் பார்த்துக்கொள்வார்.

அந்தோணியார் முப்பத்தாறு வருடம் பார்த்துக்கொண்டார். இதற்கிடையில் காலி மனையில் இருபத்திரண்டு வீடுகள் வந்துவிட்டன. ஜெயில் சந்து என்று பெயர். அதில் பதினோராவது வீட்டில் இருக்கிற சைமனுக்குத் தன் மகள் ரோசியைக் கொடுத்தார் அருள்பிரகாசம். சைமன் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்றைக்கு மாமனார் மாப்பிள்ளையைக் கவனிக்காமல் கொல்லைப்புறத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அது அவர் கட்டிய சுவர். வயிறு தள்ளி நின்றது.

கல்யாணம் முடிந்ததும் தொடர்ந்து ஆறு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் அந்தக் கொல்லையில் ஒரு முட்டுச் சுவர் கட்டினார். நல்ல மணல், நல்ல சிமென்ட், அடியில் கருங்கல். மேற்குச் சுவரின் வயிற்றில் தோள் கொடுத்து நின்றது அந்த முட்டு. ரோசிக்குக் குழந்தை பிறந்தது, ரூத் என்று பெயர் வைத்தார்கள். இப்போது நாலு வயசு. அந்த முட்டின் மேல்தான் ஏறி விளையாடும். எட்டு வருடம் நிம்மதியாகப் போனது.

அப்புறம் குழு வந்தது.

பெயரை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்: சிறைக் கட்டடப் புராதன மேம்பாட்டு உயர்நிலைக் குழு. தலைவர் ராமசெல்வி அம்மையார், ஓய்வு பெற்ற அதிகாரி. பதவியில் இருந்தபோது எதையெல்லாம் இடித்தாரோ, ஓய்வில் அதையெல்லாம் பாதுகாக்கிறார். கட்டட வல்லுநர் முனைவர் தவசிமுத்து. அளந்து எழுத உதவிப் பொறியாளர் ஷிபின். இந்த மூவரும் ஒரு மாதம் ஜெயிலை ஆராய்ந்தார்கள்.

ஆராய்ச்சி என்றால் சும்மா இல்லை. இரண்டாம் பிரிவுச் சுவரில் வார்டர் ஒருவர் தன் சாப்பாட்டுக் கேரியரை வாங்குவதற்காக உடைத்த ஓட்டை இருந்தது. தவசிமுத்து அதைச் சூரியக் கடிகாரத் துளை என்று கண்டுபிடித்தார். கோபுரத்தில் துணி காயப்போடக் கட்டிய இரும்பு வளையத்துக்குத் தூக்கு ஒத்திகை வளையம் என்று பெயர். அதை நான் மன்னித்துவிடுவேன். அதனால் யாருக்கும் சேதமில்லை.

ஆனால் மேற்குச் சுவருக்கு வந்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். பூச்சில் கிளிஞ்சல்கள்! முழுசாக, வரி வரியாக, சின்னதும் பெரிதுமாக. பாதி நண்டுக் கால்கூட ஒன்று இருந்தது. சுவர் முழுக்க உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. முனைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

மறுவாரம் அறிக்கை வந்தது. 'கடல்சார் கிளிஞ்சல் சாந்து. உலகில் வேறெங்கும் இல்லை. ஆறு சுவர்களில் இதுவே தொன்மையானது, தலையாயது. மற்ற ஐந்தும் சாதாரணச் சுண்ணாம்பு வேலை.' சாதாரண வேலை என்று ஆகிவிட்டதால் முதல் பிரிவுச் சுவரில் பதினைந்து அடியை இடித்துக் குழுவின் கார்கள் போகப் பாதை எடுத்தார்கள். இடிக்க ஒன்பது நாள் ஆனது, இரண்டு இயந்திரங்கள் பழுதாகின. அந்தச் சுவர் உண்மையாகவே வெள்ளைக்காரன் கட்டியது.

அதோடு ஜெயில் சந்துக்கு ஒரு நோட்டீஸும் வந்தது. பதினோராம் எண் வீட்டுக் கொல்லையில் உள்ள முட்டுச் சுவர் புராதனச் சின்னத்தின் பார்வையை மறைக்கிறது. அறுபது நாளுக்குள் அகற்றப்படும்.

அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு அருள்பிரகாசம் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, முட்டுச் செவுத்தை எடுத்தாக்கண்டி அன்னிக்கே செவுரு என் பொண்ணு தலைல வுயும். ஒரு மனு போடு. வேற ஒண்ணும் வாணாம்."

"ஏன் விழும்னு கேப்பாங்களே மேஸ்திரி?"

"நான் கட்னேன், அதான் வுயும்னு எய்து."

முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு மனு நான் எழுதியதில்லை. எல்லாரும் தான் செய்யாததைச் செய்ததாகத்தான் எழுதச் சொல்வார்கள். இவர் செய்த தப்பைச் செய்தேன் என்று எழுதச் சொல்கிறார். கொஞ்சம் பூசி எழுதட்டுமா என்று கேட்டேன். "பூசனது போதும் அண்ணாச்சி" என்றார்.

முதல் மனுவுக்குப் பத்தே நாளில் பதில் வந்தது. 'சுவர் 167 ஆண்டுகளாக நிற்கிறது. எனவே உறுதியானது. உறுதியானது என்பதால்தான் 167 ஆண்டுகளாக நிற்கிறது.' இரண்டாவது மனுவில் அது எண்பத்தொன்பதில் கட்டியது என்று தெளிவாக எழுதினோம். பதில்: 'எனில், பணிக்கு வந்ததற்கான வருகைப் பதிவேட்டின் நகலை இணைக்கவும்.' பதிவேடு எங்கே இருக்கும் என்று மூன்றாவது மனுவில் கேட்டோம். ஜெயிலின் ஆவண அறையில். ஆவண அறையைத் திறக்க முடியுமா என்று நான்காவது. முடியாது, அதன் பூட்டு புராதனமானது.

நான் விடுகிற ஆள் இல்லை. எங்கெங்கோ அலைந்து பதிவேட்டின் பழைய நகல் ஒன்றைப் பிடித்தேன். அதில் அருள்பிரகாசம் பெயரே இல்லை. அந்தப் பதினோரு நாளும் சுவர் கட்டியவர்கள் காண்டிராக்டரின் மாமனார், இரண்டு மச்சினர்கள், கன்னியம்மா என்கிற மாமியார். அந்த அம்மாள் அப்போதே எழுபது வயதுக்காரி. கொத்தனார் என்று போட்டிருந்தார்கள்.

ஐந்தாவது மனுவுக்குக் குழு நேரில் விசாரிக்க ஒப்புக்கொண்டது. ஜெயில் முற்றத்தில் பந்தல் போட்டு, மேஜைக்குப் பச்சைத் துணி விரித்து, மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நானும் மேஸ்திரியும் நின்றோம். ரோசி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

"நீங்கதான் கட்டினதுன்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் ராமசெல்வி அம்மையார்.

அருள்பிரகாசம் நேரே சுவரிடம் போனார். நகத்தால் பூச்சைச் சுரண்டினார், உதிர்ந்ததை நாக்கில் வைத்தார். போதாது என்று குனிந்து சுவரிலேயே ஒரு தடவை நக்கினார்.

"அதே உப்பு" என்றார். "வந்து நீயே நக்கிப் பாரும்மா."

தவசிமுத்து எழுந்து நின்றுவிட்டார். "மேடம், எச்சில் அமிலத்தன்மை உள்ளது!" என்று கத்தினார். பத்து நிமிடம் விசாரணையை நிறுத்திவைத்து, சுவரைப் பஞ்சால் ஒற்றி எடுத்தார்கள். மூன்றாவது பலகைக்கு அன்றைக்கே உத்தரவு போனது. அந்தக் குழு எடுத்த முடிவுகளிலேயே மிக வேகமாக நிறைவேறியது அதுதான்.

ரோசிக்குப் பொறுக்கவில்லை. "யம்மா, என் வூட்டுல கொயந்த கீது. செவுரு சாஞ்சிகினு கீது, உன் கண்ணுக்குத் தெர்ல? முட்டுச் செவுத்தை வுட்டுடுங்கோ, உங்க ஜெயிலை நீங்களே வெச்சிக்கோங்கோ" என்றாள்.

அம்மையார் அவளைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "பாருங்கம்மா, நீங்க குடியிருக்கறது அந்த வீட்டுல எட்டு வருஷம். சுவர் குடியிருக்கறது நூத்தி அறுபத்தேழு வருஷம். யாருக்கு முன்னுரிமைன்னு நீங்களே சொல்லுங்க."

அப்போது அருள்பிரகாசம் மெடல் விஷயத்தைச் சொன்னார். நெஞ்சு உயரம், வடக்கிலிருந்து ஒன்பதாவது செங்கல், பின்னால் அந்தோணியார். தோண்டிப் பாருங்கள், அது அங்கே இருந்தால் நான் கட்டியது, இல்லாவிட்டால் என்னைப் பொய்யன் என்று எழுதிக்கொள்ளுங்கள். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அந்த நிமிடத்தில் என்னை யாராவது பார்த்திருந்தால் சின்னப் பிள்ளை என்று நினைத்திருப்பார்கள்.

ஒன்பதாவது செங்கல்லை எடுத்தார்கள். மெடல் இருந்தது, அலுமினியம், ஓரம் கறுத்திருந்தது. அருள்பிரகாசம் சிலுவை போட்டுக்கொண்டார். தவசிமுத்து பூதக்கண்ணாடியை எடுத்து மெடலின் பின்பக்கத்தைப் படித்தார். இத்தாலி என்று பொடி எழுத்தில் இருந்தது. உடனே அவர் அம்மையாரிடம் ஓடினார்.

"மேடம், இத்தாலியச் சிற்பி! வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடி இங்கே இத்தாலியர் கட்டின சுவர் இருந்திருக்கு. ஜெயிலே இந்தச் சுவரை ஒட்டித்தான் எழுந்திருக்கு. நாம இருநூறு வருஷம் குறைச்சுப் போட்டுட்டோம்!"

ஆக, அன்றைய விசாரணையின் முடிவில் மேற்குச் சுவருக்கு வயது முந்நூற்று அறுபத்தேழு ஆனது. மெடல் பெட்டிக்குள் போனது. முட்டுச் சுவரை அகற்றும் தேதி மாறவில்லை.

"அது புதுப்பேட்டைல வாங்குன மெடலும்மா. மூணு ரூபா" என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் விழா எடுத்தார்கள். புராதனப் பொருளைக் காட்டிக் கொடுத்த உள்ளூர்வாசி என்று அருள்பிரகாசத்தை மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். மைக்கைக் கொடுத்ததும் அவர், "அந்த மெடலு நான் வெச்சது" என்று ஆரம்பித்தார். உடனே நாதஸ்வரம் வாசித்துவிட்டார்கள். பிறகு ராமசெல்வி அம்மையார் பேசினார். அந்தப் பேச்சை என் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். அவ்வப்போது கேட்பேன்.

"இந்தச் சுவரை நான் ஏன் நேசிக்கிறேன் தெரியுமா? முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் எத்தனையோ பேரைச் சந்தித்திருக்கிறேன். எல்லாரும் எதையாவது கேட்டார்கள். தண்ணீர் கேட்டார்கள், பட்டா கேட்டார்கள். இந்தச் சுவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சுவர்கள் மனுக் கொடுப்பதில்லை. ஒரு நல்ல குடிமகன் எப்படி இருக்க வேண்டும் என்பதை இந்தச் சிறைச்சாலை நமக்குக் கற்றுத்தருகிறது."

கைதட்டினார்கள். ஜெயில் சந்துக்காரர்கள்கூடத் தட்டினார்கள். விழா முடிந்ததும் பிரியாணிப் பொட்டலம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

உதவிப் பொறியாளர் ஷிபின் மட்டும் பொட்டலத்தை வாங்காமல் கடைக்கு வந்தான். முப்பது வயதுதான் இருக்கும். கதவை ஒட்டி நின்றான்.

"சார், தூக்குக்குண்டு போட்டுப் பாத்துட்டேன். ஒம்பது அங்குலம் சாய்ஞ்சிருக்கு. மேஸ்திரி சொல்றது சரிதான்."

"அதை எழுதுங்களேன் தம்பி."

"எழுதினேன் சார்." அறிக்கையின் நகலைக் காட்டினான். 'சுவர் பொதுமக்களை நோக்கி ஒன்பது அங்குலம் சாய்ந்து, அவர்களை வரவேற்கும் பாங்கில் அமைந்துள்ளது.' தவசிமுத்து திருத்தியது. கையெழுத்து மட்டும் ஷிபினுடையது. எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பாவமாகவும் இருந்தது. ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மிச்ச நான்கு மனுக்களையும் அந்த வாரத்திலேயே போட்டோம். மேலே, அதற்கு மேலே, அதற்கும் மேலே. நான்கும் உரிய நடவடிக்கைக்காகக் குழுவுக்கே அனுப்பப்பட்டன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை இயந்திரம் வந்தது. முட்டுச் சுவரை உடைக்க அரை நாள் போராடினார்கள். நல்ல வேலை இல்லையா? அது போனதும் சுவரில் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு ஓடியது. ரூத் அதில் தன் விரலை விட்டுப் பார்த்தாளாம். ரோசி அவளை வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்துவிட்டாள்.

"காலி பண்ணிட்டுப் போயிடுங்கம்மா கொஞ்ச நாளைக்கு" என்றேன்.

"போனா பூட்டு போட்டுடுவாங்கோ அண்ணாச்சி. அதுக்குத்தான் காத்துகினு கீறாங்கோ. அப்பால ஊருக்கு அந்தாண்ட எங்கயோ ஒரு அடுக்குமாடில தூக்கிப் போட்டுடுவாங்கோ. என் வூட்டுக்காரரு ஐஸு ஒடைக்க அங்கேருந்து எப்டி வருவாரு?"

என் கடை வாசலில் குந்திக்கொண்டிருந்த அருள்பிரகாசம் தலையைத் தூக்காமல் சொன்னார்: "யாருக்கு இன்னா நஷ்டம்னான் அந்தாளு. நான் வாயை மூடிகினு பூசனேன். என் கையாலயே என் பொண்ணுக்குக் குயி தோண்டிட்டேன் அண்ணாச்சி." அழுதார். அறுபது வயது மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "பத்தாவது மனு போடுவோமா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, தன்னோடு வேலை செய்த பழைய கூட்டாளிகள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, நான்கு மஞ்சள் ஹெல்மெட், நான்கு பச்சை உடுப்பு வாங்கி மாட்டிக்கொண்டு, ஜெயிலின் முன்வாசல் வழியாகவே உள்ளே போனார். காவலாளி ஹெல்மெட்டைப் பார்த்ததும் சல்யூட் வைத்தான். சாரம் கட்டினார்கள். மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு செங்கல்லாகக் கழற்றி ஜெயில் பக்கமாக இறக்கினார்கள். சந்துப் பக்கம் ஒரு தூசிகூட விழவில்லை. உடைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சாந்து கையோடு வந்தது.

ஐந்து நாள் வேலை நடந்தது. மூன்றாம் நாள் ராமசெல்வி அம்மையாரே விருந்தினர்களை அழைத்து வந்து காட்டினார். "பாதுகாப்புப் பணி மும்முரமாக நடக்கிறது" என்று சொல்லி, அருள்பிரகாசத்தின் தோளைத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டார். சால்வை போட்ட ஆள் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. படம் பத்திரிகையில் வந்தது. அதில் சுவர் பாதிதான் இருக்கிறது.

ஐந்தாம் நாள் மாலை, இரண்டே வரிசை பாக்கி இருந்தபோது தவசிமுத்து வந்தார். கொஞ்ச நேரம் சுவரைத் தேடினார். அப்புறம்தான் கத்தினார்.

மற்ற மூன்று பேரையும் கூலிக்கு வந்தவர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அருள்பிரகாசம் தான் மட்டும் போலீஸ் ஜீப்பில் ஏறினார். ஏறும்போது ரோசியைப் பார்த்து, "இப்ப தூங்கு போ" என்றார். முந்நூற்று அறுபத்தேழு வருடப் பழமையான சுவரை அழித்ததாக வழக்கு. பிடிபட்ட பொருள்களில் எண்பத்தொன்பதாம் வருடத்துப் பால் கவர் ஒன்றும் இருந்தது. சுவருக்குள்ளிருந்து வந்தது. அதை, சுற்றுலாப் பயணி யாரோ வீசிய குப்பை என்று எழுதியிருக்கிறார்கள். ஜாமீன் இரண்டு முறை கேட்டோம். வெளியே விட்டால் மற்ற சுவர்களையும் கழற்றிவிடுவார் என்று அரசுத் தரப்பு அஞ்சியது.

மூன்று வாரம் கழித்து ரோசியோடு நானும் பார்க்கப் போனேன். பெரிய ஜெயிலில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவர். கொஞ்சம் இளைத்திருந்தார், ஆனால் முகத்தில் தெளிவு இருந்தது. ரூத் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். ரோசி தலையாட்டிவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த சின்னக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, வலைக் கண்ணில் விரலை விட்டு நீட்டினாள்.

"இன்னாது?"

"வாயில வெச்சிப் பாரு நைனா."

வைத்தார். வைத்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் திரும்பிக்கொண்டேன்.

"இது எங்கேந்து?"

"நம்ப செவுத்து மணலு. திரும்பக் கட்டப் போறாங்கோ. ஒரு பொஸ்தகமே போட்டுட்டாங்கோ, அண்ணாச்சி படிச்சாரு."

படித்தேன். 'கிளிஞ்சல் சாந்து: செய்முறைக் கையேடு.' எழுதியவர் முனைவர் தவசிமுத்து. 'காசிமேட்டுக் கரை மணலையே பயன்படுத்த வேண்டும். சலிக்கக் கூடாது. எக்காரணம் கொண்டும் கழுவக் கூடாது. சாய்வு ஒன்பது அங்குலம்.' மிச்சமிருந்த இரண்டு வரிசையைப் பெயர்த்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அதே இருபத்தைந்து அடி, அதே பதினான்கு அடி. முட்டு கிடையாது.

அருள்பிரகாசம் வலையைப் பிடித்துக்கொண்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"மேஸ்திரி யாரு?"

"யாரோ வடக்கத்தி ஆளு. நல்ல மன்சன். அவனும் ஒரு தபா நாக்குல வெச்சிட்டுத் துப்புனான், பாத்தேன். ஆனா சொல்றத செய்றான்."

"அவனாண்ட சொல்லு" என்றார். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "மணலைக் கயுவச் சொல்லு. எவனும் பாக்காதப்ப கயுவச் சொல்லு. கிளிஞ்சலு வேணும்னா அப்பால மேல ஒட்டிக்கலாம். அவன் வாயைத் தொறக்க வாணாம், மணலை மட்டும் கயுவுனா போதும்."

நேரம் முடிந்தது என்று வார்டர் வந்தார்.

குழுவுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் ஒன்றரை மணியிலிருந்து மூன்று வரை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஜெயில் சந்தில் நடப்பதை நான் என் கடையிலிருந்தே பார்க்கிறேன். இருபத்திரண்டு வீட்டிலிருந்தும் பெண்கள் குடத்தோடு வருகிறார்கள். தண்ணீர் லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும், வீட்டுக்கு ஆறு குடம். அதில் இரண்டு குடத்தை மணலில் ஊற்றுகிறார்கள். வடக்கத்தி மேஸ்திரி மண்வெட்டியால் புரட்டிக் கொடுக்கிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. ரோசி நாக்கில் வைத்துப் பார்த்து, போதும் என்று தலையாட்டுகிறாள். கழுவும்போது மேலே தெரியும் கிளிஞ்சல்களைக் கூடையில் பொறுக்கி வைப்பது ரூத்தின் வேலை. மூன்று மணிக்குக் கார்கள் வரும்போது மணல் ஈரமாக இருக்கும். கடலிலிருந்து அப்படியே வந்த மணல் என்று தவசிமுத்துவுக்குச் சந்தோஷம்.

நேற்று ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் சோதித்ததில் புதுச் சாந்தில் உப்பின் அளவு புராதன அளவைவிட மிகவும் குறைந்திருப்பதாகத் தெரிகிறது. சந்துவாசிகள் இதற்கான விளக்கத்தைப் பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் தர வேண்டும். தவறினால் பணியை நிறுத்திவிட்டு முதலிலிருந்து கட்டுவார்கள்.

ரோசி அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். இடுப்புச் சேலை நனைந்திருந்தது. என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டாள். நான் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். சுவர் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டேன்.

"மூணு அடி அண்ணாச்சி. ஒரு நாளைக்கு கால் அடி ஏறுது."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும். பதினைந்தாம் நாள் சாயங்காலம், ஆபீஸ் மூடுகிற நேரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று சொல்லி அவளை அனுப்பினேன்.